தொடையில் தெரியும் பள்ளங்களும் கடிதத்தின் கடைசி வரியும்

கேள்வி: எனக்கு வயது 24. கோத்தகிரிக்கு அருகே ஒரு கிராமம். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆவணியில் அக்கா திருமணத்திற்குத் துணி எடுக்கக் கோவை சென்றபோது, கடையின் உடைமாற்றும் அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி இருந்தது. என் தொடையின் பின்பக்கத்தை அன்றுதான் முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். பள்ளம் பள்ளமாக இருந்தது. படுத்தால் தெரிவதில்லை, நின்றால் தெரிகிறது. இதற்குச் செல்லுலைட் என்று பெயர் என்பதைப் பிறகு செல்போனில் தேடி அறிந்தேன். அன்றிலிருந்து தினமும் இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, செல்போன் விளக்கில் படம் எடுத்து, முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடுகிறேன். மாலையில் ஊர் மைதானத்தில் ஷட்டில் ஆடுவதை நிறுத்திவிட்டேன். என் உயரம் 158 செ.மீ. 54 கிலோ இருந்தேன். இரவு உணவை விட்டு, டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டுமாக முடித்துக்கொண்டு நான்கு மாதத்தில் 48 கிலோவுக்கு வந்துவிட்டேன். பள்ளங்கள் குறையவில்லை, கூடியதாகவே தெரிகிறது. ஆன்லைனில் வாங்கிய கிரீம் எரிந்தது. எரிச்சலுக்கு மருந்துக்கடையில் ஒரு வெள்ளைக் கிரீம் கொடுத்தார்கள், அதைத் தடவி வருகிறேன். கோவையில் ஓர் அழகு நிலையத்தில், நச்சுக் கொழுப்பைக் கரைத்துவிடலாம் என்று 12 முறை சிகிச்சைக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும். பணத்தைக் கட்டலாமா? முடியும் கொட்டுகிறது, இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோல் நோய் மருத்துவர், குன்னூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி தொடையைப் பற்றியது. கடைசியில், தாளில் இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல, முடி கொட்டுவதையும் மாதவிலக்கு நின்றதையும் ஒரே வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மருத்துவர் என்ற முறையில் என் கண் முதலில் போய் நின்றது அந்த வரியில்தான். ஆயினும் அதையே முதலில் எடுத்தால், கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததைச் சொல்கிறார் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும் என்பதால், நீங்கள் எழுதிய வரிசையிலேயே வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன், மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவர் வருவதுண்டு. பழைய பஞ்சைப் பிரித்து அடித்து, உறைக்குள் திணித்து, வாயைத் தைத்து முடித்த பிறகும் அவருடைய வேலை முடிவதில்லை. ஒரு சாண் நீளமுள்ள ஊசியை மெத்தையின் மேற்புறத்திலிருந்து அடிவரை இறக்கி, மறுபடி மேலே வாங்கி, நூலை இழுத்துப் பிடித்து முடிச்சிடுவார். முடிச்சு விழுந்த இடம் குழியும், இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே பஞ்சு உப்பி நிற்கும். முடிச்சு போடாத மெத்தையில் பஞ்சு நான்கு நாளில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும் என்பார் அவர். உங்கள் தோலுக்கு அடியில் இருக்கும் ஏற்பாடும் ஏறக்குறைய இதுவே. தோலின் அடிப்பகுதியிலிருந்து தசையைப் போர்த்தியிருக்கும் உறைவரை மெல்லிய நார்கள் இறங்குகின்றன. அந்த நார்களுக்கு இடையே, சிறு சிறு அறைகளாக, கொழுப்பு அடைந்திருக்கிறது. நார் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் இடம் குழிவாகவும், கொழுப்பு மேலே தள்ளும் இடம் மேடாகவும் வெளியே தெரிகிறது. மருத்துவ நூல்களிலும் இதற்கு மெத்தைத் தோற்றம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆண்களுக்கு ஏன் இது இல்லை என்று என்னிடம் கேட்காத பெண்ணே இல்லை. நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் 1978-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பெண்களின் தொடையில் அந்த நார்கள் பெரும்பாலும் செங்குத்தாக இறங்குவதால் கொழுப்பு அறைகள் மேல்நோக்கி எளிதாகப் பிதுங்குகின்றன. ஆண்களிடமோ அவை சாய்வாக ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதாலும், மேலே இருக்கும் தோல் தடிமனாக இருப்பதாலும் கொழுப்பு வெளியே முட்டுவதில்லை. பூப்படைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொழுப்பைத் தொடையிலும் இடுப்பிலும் சேமித்து வைக்கிறது. கருவுறும் காலத்துக்கும் பாலூட்டும் காலத்துக்கும் உடல் செய்துகொள்ளும் முன்னேற்பாடு அது. எனவேதான் பூப்படைந்த பெண்களில் 80 முதல் 90 விழுக்காட்டினரிடம் இந்தப் பள்ளங்கள் ஏதாவது ஓர் அளவில் காணப்படுகின்றன. நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் இருப்பதை நோய் என்று அழைக்க மருத்துவத்தில் இடமில்லை. இதை எழுதும் எனக்கு வயது 53, எனக்கும் இது பதினெட்டு வயதிலிருந்து இருக்கிறது.

அதே மருத்துவர்கள் இதை நான்கு படிகளாகவும் பிரித்தார்கள். கிள்ளிப் பார்த்தாலும் பள்ளம் விழாதது தொடக்க நிலை, கிள்ளினால் மட்டும் தெரிவது முதல் படி, நின்றால் தெரிந்து படுத்தால் மறைவது இரண்டாம் படி, படுத்தாலும் தெரிவது மூன்றாம் படி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாம் படி. உங்கள் வயதில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நிலை அது. இதை அறிந்துகொண்டதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்கக் கண்ணாடி முன் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எடை குறைந்தும் பள்ளங்கள் கூடியதாகத் தெரிவது உங்களைப் பெரிதும் குழப்பியிருக்கிறது. மெத்தையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துவிட்டால் முடிச்சுகள் அவிழ்ந்துவிடுவதில்லை அல்லவா? நார்கள் அங்கேயே இருக்கின்றன. பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, மேலே இருக்கும் தோல் சற்றுத் தளர்கிறது, தளர்ந்த தோலில் குழிகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நீங்கள் கண்டது கண்மயக்கம் இல்லை. ஆனால் அதற்கு மருந்தாக இன்னும் இரண்டு கிலோவைக் குறைக்க நினைத்தால், அது தீயை நெய் ஊற்றி அணைப்பதாகவே முடியும். பருமனாக இருப்பவர்களுக்கு எடை குறைவதால் பள்ளங்கள் ஓரளவு மட்டுப்படுவதுண்டு. உங்கள் உயரத்துக்கு 54 கிலோ என்பது, இந்தியர்களுக்கென்று பரிந்துரைக்கப்படும் சற்றுக் கண்டிப்பான அளவுகோலின்படியும், முற்றிலும் இயல்பான எடை. குறைப்பதற்கு உங்களிடம் எதுவுமே இருக்கவில்லை.

ஏறி இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், மலையில் இது எல்லா நோய்க்கும் சொல்லப்படும் வைத்தியம். இருபத்தாறு ஆண்டுகளாக இங்கே தேயிலை பறிக்கும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். இடுப்பில் ரப்பர் படுதாவைக் கட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை, முதுகில் கொழுந்தோடு சரிவில் ஏறி இறங்குபவர்கள். படுதாவின் ஈரத்தில் வந்த படர்தாமரைக்காகவோ, அட்டை கடித்துப் புண்ணான இடத்துக்காகவோ அவர்களுடைய கால்களைப் பார்க்கிறேன். இரும்பு போன்ற தசைக்கு மேலே அதே பள்ளங்கள் அவர்களில் பலருக்கும் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் அவர்களில் ஒருவர்கூட அதைக் காட்டி இது என்ன என்று கேட்டதில்லை.

தேமல், மரு, பாலுண்ணி, படர்தாமரை, பித்தவெடிப்பு, சேற்றுப்புண், நரம்புச் சுருட்டு என்று தோலிலும் காலிலும் வரும் எதற்கும் நம்மிடம் பெயர் உண்டு. தொடையின் இந்தப் பள்ளங்களுக்கு மட்டும் ஒரு தமிழ்ப் பெயர் என் காதில் விழுந்ததே இல்லை. பார்த்திருப்பார்கள், பெயர் வைக்கும் அளவுக்கு அதைப் பொருட்படுத்தவில்லை என்றே எண்ணுகிறேன். செல்லுலைட் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவ அகராதியில் வேறொரு பொருளில் இடம்பெற்ற சொல். 1968-ல் வோக் என்ற ஃபேஷன் இதழ் அதை அமெரிக்கப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதற்குப் பிறகே இது தீர்க்கப்பட வேண்டிய ஒரு குறையாகவும், தீர்வை விற்கும் ஒரு வணிகமாகவும் உலகமெங்கும் பரவியது. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரூபன்ஸ் என்ற ஓவியர் தம் காலத்து அழகிகளைத் தீட்டியபோது தொடைப் பள்ளங்களை மறைக்காமல் தீட்டினார். அந்த ஓவியங்களை இன்றும் அருங்காட்சியகங்களில் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

உடைமாற்றும் அறைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு உங்கள் ஊர்ச் சரிவைப் பார்த்திருப்பீர்கள். வெயில் சாய்ந்து விழும்போது தேயிலையின் ஒவ்வொரு வரிசையும், நடுவே ஓடும் ஒவ்வொரு நடைபாதையும் கோடு கிழித்ததுபோல நிழலோடு எழுந்து நிற்கும். அதே சரிவு நடுப்பகலில் ஒரே பச்சைப் பாயாகக் கிடக்கும். சரிவு மாறவில்லை, வெளிச்சத்தின் கோணம் மாறியிருக்கிறது. துணிக்கடை அறையில் விளக்கு உச்சந்தலைக்கு நேர்மேலே இருக்கும். அங்கிருந்து விழும் வெளிச்சம் தொடையின் பின்புறத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு இறங்குவதால், அரை மில்லிமீட்டர் பள்ளமும் ஒரு நிழலைப் பெற்றுவிடுகிறது. என்னிடம் இதே கவலையோடு வந்த கல்லூரி மாணவி ஒருவருக்கு, என் மேசை விளக்கை முதலில் என் முன்கைக்கு நேராகவும் பிறகு பக்கவாட்டிலும் பிடித்துக் காட்டினேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் என் கையே வறண்ட குளத்தின் தரை போல ஆகிவிட்டதைக் கண்டு அவர் சிரித்துவிட்டார். நீங்கள் ஒவ்வோர் இரவும் செல்போன் விளக்கைப் பக்கத்தில் பிடித்து எடுக்கும் படங்கள் இந்த இரண்டாவது வகை. கோணம் ஒரு விரற்கடை மாறினாலே நேற்றைய படமும் இன்றைய படமும் வேறுவேறாக இருக்கும், அவற்றை ஒப்பிட்டு எதையும் அறிய முடியாது. மருத்துவ மாநாடுகளில் இயந்திரம் விற்க வருபவர்கள் மாட்டிவைக்கும் சிகிச்சைக்கு முன், பின் படங்களை நான் பார்க்கும்போதெல்லாம் தொடையைப் பார்ப்பதில்லை, பின்னால் சுவரில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

அந்த 60,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். நச்சுக் கொழுப்பு என்று உடலில் எதுவும் இல்லை. தொடையில் இருப்பது மற்ற இடங்களில் இருக்கும் அதே கொழுப்புதான். அழகு நிலையங்களில் உருளையால் அழுத்தித் தேய்க்கும்போதும் உறிஞ்சி இழுக்கும்போதும் தோலுக்கடியில் சற்று நீர் கோத்துக்கொள்கிறது. அந்த மெல்லிய வீக்கம் சில மணி நேரமோ சில நாளோ பள்ளத்தை நிரப்பிக் காட்டிவிட்டு வடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் மறுபடி போக வேண்டியிருப்பதன் காரணம் அதுவே. கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லித் தொடையில் ஊசி போடும் இடங்களும் உண்டு. சுத்தம் சரியில்லாத இடத்தில் போட்டுக்கொண்டால் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகள் வரக்கூடும் என்பதால், அந்தப் பக்கமே போகாதீர்கள். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை இதற்கானது அன்று. செய்தால் மேடு பள்ளம் கூடுவதும் உண்டு.

மருத்துவத்தில் இதற்கு எதுவுமே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. தோலை மரத்துப்போகச் செய்து, ஊசி போன்ற நுண்கத்தியால் கீழே இழுக்கும் நார்களை வெட்டிவிடும் முறை உண்டு. ஆழமான சில தனிக் குழிகளுக்கு அது பயன் தருகிறது, பலன் சில ஆண்டுகள் நிற்கிறது. செலவும், வாரக்கணக்கில் நிற்கும் இரத்தக்கட்டும் உடன் வரும். நார்களைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசி ஒன்றுக்கு 2020-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பலமான இரத்தக்கட்டும், அது விட்டுச்சென்ற கறையும் பெரும் தொல்லையாக இருந்ததால், தயாரித்த நிறுவனமே 2022 இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. கிரீம்களில், காஃபீன் கலந்தவை தோலைச் சில மணி நேரம் இறுக்கிக் காட்டும். ரெட்டினால் கலந்தவற்றை ஆறு மாதம் விடாமல் தடவினால் தோல் சற்றுத் தடித்து, பள்ளம் ஓரளவு மங்கக்கூடும், ஆனால் கருவுறத் திட்டமிடும் பெண்கள் அதைத் தவிர்க்க வேண்டும். உங்கள் இரண்டாம் படிக்கு இவற்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலை ஷட்டிலைத் தொடர்வது தொடைத் தசைக்கு உரம் சேர்த்து மேற்பரப்பைச் சிறிது சீராக்கக்கூடும். அந்தப் பயன் இல்லாவிட்டாலும், பிடித்த ஆட்டத்தைத் தொடையின் பொருட்டு விட்டுவிட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை சில இருக்கின்றன என்பதால், இந்தப் பகுதியைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒரு சொல். செல்லுலைட்டிஸ் என்று கிட்டத்தட்ட அதே பெயரில் ஒன்று உண்டு. அது தோலுக்குள் பாக்டீரியா புகுந்து பரவும் தொற்று. கால் சிவந்து, சூடேறி, வீங்கி, வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரு கால்களும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சமமாகப் பருத்து, பாதம் மட்டும் மெலிந்திருந்து, தொட்டால் வலித்து, இலேசாக இடித்தாலே இரத்தம் கட்டினால் அது லிப்பிடீமா என்ற வேறொரு நிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடையில் பொருட்படுத்த வேண்டாத, ஆரஞ்சுப் பழத் தோல் போன்ற இந்தக் குழிவான தோற்றம் மார்பகத்தில் புதிதாகத் தோன்றினால், வலி இல்லாவிட்டாலும், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் காட்டியாக வேண்டும். அது மார்பகப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம்.

இனி அந்தக் கடைசி வரி. நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறீர்கள், இரவில் டீயும் வர்க்கியும் மட்டும் சாப்பிடுகிறீர்கள், முடி கொட்டுகிறது, மாதவிலக்கு வரவில்லை. நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் இந்த நான்கும் எனக்கு ஒரே செய்தியாகத் தெரிகின்றன. வரவு குறைந்துவிட்டால் வீட்டில் முதலில் எந்தச் செலவை நிறுத்துவார்கள் என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உணவு போதாதபோது உடலும் அப்படியே செய்கிறது. இதயத்தையும் மூளையையும் காப்பாற்றிக்கொண்டு, உடனடித் தேவை இல்லாதவற்றை நிறுத்துகிறது. சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களுக்கான கட்டளை மூளையிலிருந்து குறைகிறது, மாதவிலக்கு நிற்கிறது. வளரும் பருவத்தில் இருக்கும் முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்கின்றன. இந்த முடி, உணவு சீரானால், சில மாதங்களில் திரும்ப வளரும். மாதவிலக்கு நீண்டகாலம் நின்றால் எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும். எலும்புக்குச் சேமிப்பு நடப்பது உங்கள் வயதில்தான்.

இதுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவுகட்டவில்லை. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், இந்த வாரமே ஒரு பெண் நல மருத்துவரைப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர், உதகை அரசு மருத்துவமனைகள் எதுவாயினும் போதும். மாதவிலக்கு தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை எழுதுவார். அது யாவருக்கும் பொதுவான நடைமுறை, உங்கள் மேல் ஐயம் கொண்டு கேட்பதாக எண்ணிப் புண்பட வேண்டாம். அதோடு ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். நீங்கள் குறைத்த எடையையும் இரவு உணவை விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல பெண்கள் இதைச் சொல்லாததால் ஹார்மோன் மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். மாத்திரையால் இரத்தப்போக்கு வரும், பட்டினி அப்படியே இருக்கும்.

பரிசோதனை முடிவுகள் வரும்வரை காத்திராமல் இன்று இரவே சாப்பிடத் தொடங்கலாம். ராகிக் களியும் அவரைக் குழம்பும், சோறும் பருப்பும் கீரையும், முட்டை சாப்பிடுவீர்களானால் ஒரு முட்டையும் என்று வீட்டில் மற்றவர்கள் உண்பதையே உண்ணுங்கள், தனியாக ஓர் உணவுமுறை வேண்டியதில்லை. தேயிலை வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் சாப்பாட்டோடு குடிக்கும் டீ கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைப் பெரிதும் தடுக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகையோடு இருக்கும் நிலையில் இது சிறிய செய்தி அன்று. உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். வர்க்கியை டீயோடு தின்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது இரவு உணவாகிவிடக் கூடாது.

கண்ணாடியையும் செல்போனையும் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேச வேண்டும். அடிக்கடி பார்த்தால் மனம் தேறும் என்று நினைத்துத்தான் எவரும் பார்க்கத் தொடங்குகிறார்கள். பார்க்கப் பார்க்க அந்த ஓர் இடம் மட்டும் பெரிதாகி, மற்ற உடல் முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. நாக்கு பல்லின் ஓட்டையைத் தடவிக்கொண்டே இருப்பதுபோல. முதலில், சேர்த்துவைத்திருக்கும் படங்களை அழித்துவிடுங்கள். தனியாக அழிக்கக் கை வராவிட்டால் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழியுங்கள். இரவில் தாழிட்டுப் பார்க்கும் நேரத்துக்கு வேறொரு வேலையை வையுங்கள். பார்க்க வேண்டும் என்ற உந்துதல் வரும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பத்து நிமிடத்தில் அது முழுதாகப் போகாது, ஆனால் தணியும். தணிவதை நீங்களே நான்கைந்து முறை கண்டுவிட்டால் அதன் பிடி தளரும். செல்போனில் தொடை, எடை பற்றிய காணொளிகள் வரும்போது ஒவ்வொன்றிலும் ஆர்வமில்லை என்பதை அழுத்துங்கள். நீங்கள் ஒன்றைப் பார்த்ததால்தான் அது இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தோற்றத்தில் உள்ள ஒரு குறையைப் பற்றிய எண்ணமே ஓடுகிறதா, அதனால் வேலையோ வெளியே போவதோ நிற்கிறதா என்பதை இத்தகைய கவலையோடு வரும் எல்லோரிடமும் நான் கேட்பதுண்டு. ஆம் என்றால் அதற்கு மனநல மருத்துவத்தில் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று பெயர் இருக்கிறது, ஏறக்குறைய நூறில் இருவருக்கு அது வருகிறது, பேச்சுவழிச் சிகிச்சையாலும் தேவைப்பட்டால் மாத்திரையாலும் நன்றாகக் குணம் காண்கிறது. தோலுக்குச் செய்யும் சிகிச்சையால் அது தீர்வதில்லை. தொடை சரியானால் மூக்கு, மூக்கு சரியானால் முடி என்று இடம் மாறிக்கொண்டே போகும். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஷட்டிலை விட்டதும், உணவை விட்டதும், தினசரிப் படங்களும் சேர்ந்து அந்தத் திசையில் இரண்டடி எடுத்துவைத்திருப்பதாகத் தெரிகிறது. முதலில் யாரிடமாவது தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் காண விரும்பினால் உதகையிலும் கோவையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். உங்கள் வீட்டில் இதற்கெல்லாமா அங்கே போவது என்று கேட்பார்களென்றால், தூக்கம் சரியில்லை, சாப்பிட முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். அது பொய்யும் அன்று.

வரன் பார்க்கும் விஷயத்தில் அறிவுரை சொல்லத் தோல் மருத்துவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். என் அறையில் கண்டதை மட்டும் சொல்கிறேன். தொடைப் பள்ளங்களோடு என்னிடம் வந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் தாங்களே கண்ணாடியில் கண்டு வந்தவர்கள். கணவர் சொன்னார் என்று வந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரோடு பேசப் பேச, அந்தக் கணவர்கள் சமையலையும் சம்பளத்தையும் மாமனார் வீட்டையும் பற்றி அதே குரலில் பேசுபவர்களாக இருந்தார்கள். தொடையைச் சரிசெய்து அனுப்பியிருந்தாலும் அவர்கள் வேறொன்றைத் தேடியிருப்பார்கள். தை பிறந்ததும் பெண் பார்க்க வருபவர்கள் முன் போய் நிற்கப்போகிற நீங்கள், இரத்தம் வற்றி, முடி கொட்டி, படியேறினால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கப்போகிறீர்கள் என்பதே எனக்குக் கவலை. அவசரம் வேண்டாம், மாதவிலக்கு சீராகும்வரை ஆறு மாதம் பொறுங்கள் என்று வீட்டில் கேட்க முடியுமானால் கேளுங்கள். அம்மாவிடம் நேரே சொல்லக் கூச்சமாக இருந்தால், அண்மையில் மணமான அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எஞ்சியிருப்பது அந்த வெள்ளைக் கிரீம். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. எரிச்சலுக்கும் அரிப்புக்கும் கேட்டால் மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தொடையின் உள்பக்கத்தில் அதை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்த அகலமான கோடுகள் விழும். பள்ளங்களைப் போல அவை உடலின் இயல்பான அமைப்பு அன்று, களிம்பு கொடுத்தவை, விழுந்துவிட்டால் முழுதாக மறைவதும் இல்லை. குழாயின் மேல் சிறிய எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தடவுவதை நிறுத்திவிட்டு, குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ சாதாரண வாஸ்லினோ மட்டும் பூசுங்கள். இந்தக் குளிரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், எரிச்சல் பாதி அதனாலேயே இருக்கக்கூடும். எத்தனை நாள் தடவினீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இரண்டு குழாய்களையும், ஆன்லைனில் வாங்கியதை அது வந்த அட்டைப்பெட்டியோடு, மருத்துவரிடம் போகும்போது கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.